பெயர் ஓரிடம், முடிவு வேறிடம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழில் வழித்தடத்தில் ஒரே நாளில் உருவாகும் பொருள்களைப் பட்டியலிட்டால் அது நீண்டுகொண்டே போகும். கார், மோட்டார் சைக்கிள், கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, கண்ணாடி, டயர் என எத்தனையோ. அந்தப் பொருள்களின்மீது பொறிக்கப்படும் பெயர்களையும் பட்டியலிட்டுப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கும். பெரும்பாலானவை கொரியா, ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த பெயர்கள். மண்ணூரும் இருங்காட்டுக்கோட்டையும் வல்லம் வடகாலும் முகவரியில் இடம்பெறும், முத்திரையில் இடம்பெறுவதில்லை.

இதில் என்ன குறை, வேலை கிடைக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயர் யாருடையது என்பது வெறும் பெருமை சார்ந்த செய்தியாக இருந்தால் அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியதில்லை. ஆனால், பெயரின் உரிமையோடு சேர்ந்தே வேறொன்றும் வருகிறது. நெருக்கடி நேரும்போது கடைசி முடிவை எடுக்கும் அதிகாரம் அது. அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஓர் ஆலையின் விதியும், அதை நம்பியிருக்கும் ஊர்களின் விதியும் அமைகின்றன.

கார் தொழிலை வைத்து இதை விளக்குவது கடினம். அது மிகப் பெரியது. பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எனவே, மிகச் சிறிய ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன்: பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர் செய்யும் தொழில். உலகெங்கும் இதில் ஈடுபட்டுள்ள நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொடங்கியவர் யார், வாங்கியவர் யார், வாங்கிய பிறகு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் எழுபது, எண்பது ஆண்டு வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன. தனியுடைமைச் சிறு நிறுவனத்துக்கும் பெருநிறுவன உடைமைக்கும் இடையிலான உறவைப் புரிந்துகொள்ள இதைவிட வசதியான பாடம் அரிது.

தாழ்ந்த சுரத்தின் விலை

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மனிதச் செவி எளிதில் பிடித்துக்கொள்வதில்லை. அதைக் கேட்கச் செய்ய ஒலிபெருக்கி மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு மிகுதியான மின்திறன் வேண்டும். சாதாரண கிட்டாருக்கு 50 வாட் போதுமென்றால், அதே மேடையில் பேஸ் கிட்டாருக்கு 300 வாட் தேவைப்படலாம். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் எவ்வளவு முக்கியமான இடத்தைப் பெற்றிருக்கிறது என்பது தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும். அந்த இசையை மேடையில் வாசிக்கும்போது, பேஸ் சரியாக ஒலிக்காவிட்டால் பாட்டே கால் ஊன்றாமல் மிதப்பதுபோல் ஆகிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முதலில் முனைந்தவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர். இசைக் கலைஞர்களும் ரேடியோ பழுதுபார்ப்பவர்களுமே. அமெரிக்காவில் எவரெட் ஹல் என்பவர் டபுள் பேஸ் வாசிப்பவர். அந்தப் பெரிய வாத்தியத்தின் அடியில் தரையில் ஊன்றும் கோலுக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தினார். ‘ஆம்ப்ளிஃபைடு பெக்’ என்ற அந்த ஏற்பாட்டின் சுருக்கமே ‘ஆம்பெக்’ என்ற பெயர். 1940-களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய நிறுவனம் 1960-இல் வெளியிட்ட ‘பி-15’ என்ற ஆம்ப்ளிஃபயர், இசைப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் நிலைத்தது.

பிறகு நடந்தது கவனத்துக்குரியது. 1967-இல் ஆம்பெக்கை யூனிமியூசிக் என்ற முதலீட்டுக் குழு வாங்கியது. 1971-இல் தொலைக்காட்சி உற்பத்தியாளரான மேக்னவாக்ஸிடம் போனது. 1980-இல் மியூசிக் டெக்னாலஜி, 1986-இல் செயின்ட் லூயிஸ் மியூசிக், 2005-இல் லவுட் டெக்னாலஜிஸ், 2018-இல் யமஹா கிட்டார் குழுமம். அரை நூற்றாண்டில் ஆறு கைமாற்றங்கள். இந்தப் பயணத்தில் உரிமையாளர் மாறினார், ஆலை மாறியது, தொழிலாளர்கள் மாறினார்கள். மாறாமல் இருந்தது பெயர் மட்டும்தான்.

இது விதிவிலக்கு அன்று. லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1965-இல் 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்திடம் விற்றார். கலிஃபோர்னியாவில் 1984-இல் தோன்றிய எஸ்டபிள்யூஆர் 2003-இல் ஃபெண்டரிடம் சேர்ந்தது. பின்னர் அந்தப் பெயரில் புதிய பொருள்கள் வருவதே நின்றுவிட்டது. ஈடன் 2011-இல் மார்ஷலிடமும், மெசா பூகி 2021-இல் கிப்சனிடமும் சென்றன. நியூயார்க்கின் அகிலார், பின்லாந்தின் டார்க்கிளாஸ் ஆகிய இரண்டும் இன்று ஜப்பானின் கோர்க் நிறுவனத்தின் கீழ் உள்ளன. இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில் வளர்ந்த டிரேஸ் எலியட் 1990-களில் அமெரிக்கக் கைகளுக்குப் போனது. 2002-இல் கிப்சன் அதன் ஆங்கிலேய ஆலையை மூடியது. பெயர் மட்டும் பீவி நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

நிறுவனர் ஏன் விற்கிறார்?

பேராசையால் விற்கிறார் என்பது எளிதான விடை. பெரும்பாலும் தவறான விடை. சிறு உற்பத்தியாளரை விற்கத் தூண்டும் காரணங்கள் ஏறத்தாழ எல்லாத் தொழில்களிலும் ஒன்றே.

முதலாவது, நடைமுறை மூலதனம். மின்மாற்றி, டிரான்சிஸ்டர், ஒலிபெருக்கிக் கூம்பு ஆகியவற்றுக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும். செய்து முடித்த பொருளுக்குக் கடைக்காரர் மூன்று மாதம் கழித்தே பணம் தருவார். விற்பனை பெருகப் பெருக இந்த இடைவெளியும் பெருகும். நட்டத்தால் மூடப்படும் சிறு நிறுவனங்களைப் போலவே, வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கப் பணமின்றி மூடப்படுபவையும் உண்டு.

இரண்டாவது, நிலைச்செலவு. பாதுகாப்புச் சோதனை, சான்றிதழ், வெளிநாட்டு விநியோகம், விளம்பரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு நூறு பெட்டி விற்றாலும் லட்சம் பெட்டி விற்றாலும் பெரிதாக மாறுவதில்லை. லட்சம் விற்பவருக்கு அது ஒரு பெட்டிக்குச் சில காசுகள். நூறு விற்பவருக்கோ இலாபத்தையே விழுங்கிவிடும் சுமை.

மூன்றாவது, வாரிசு. நிறுவனரின் செவியும் கையும் பிள்ளைகளுக்குச் சொத்தாக வந்து சேர்வதில்லை. அவர் அறுபதைக் கடக்கும்போது வங்கிக்கும் ஊழியர்களுக்கும் ஒரே கேள்வி எழுகிறது: அடுத்து யார்?

நான்காவது, தொழில்நுட்ப மாற்றம். 1969-இல் ஆம்பெக் வெளியிட்ட ‘எஸ்விடி’ ஆம்ப்ளிஃபயர் 14 வெற்றிடக் குழாய்களோடு 300 வாட் தந்தது. அதன் மேற்பெட்டி மட்டும் 38 கிலோ அளவுக்குக் கனத்தது. இன்று ‘கிளாஸ் டி’ எனப்படும் முறையில் டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல லட்சம் முறை மூடித் திறந்து வேலை செய்கின்றன. வெப்பமாக வீணாகும் மின்சாரம் மிகக் குறைவு. அதனால் அதைவிட மிகுதியான திறனை மூன்று கிலோவுக்கும் குறைந்த பெட்டியில் அடைத்துவிடலாம். இத்தாலியில் 2001-இல் மார்கோ தெ விர்ஜிலியிஸ் தொடங்கிய மார்க்பேஸ் நிறுவனம் இலகுவான ஆம்ப்ளிஃபயர்களாலேயே உலகப் பெயர் பெற்றது. ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. திறன் தரும் பகுதியை ஒவ்வொருவரும் தாமே வடிவமைப்பதில்லை. டென்மார்க்கின் ஐஸ்பவர் போன்ற சில நிறுவனங்கள் செய்யும் தொகுப்புகளைப் பலரும் வாங்கிப் பொருத்துகிறார்கள். தனியுடைமை நிறுவனத்தின் பெட்டியிலும் பெருநிறுவனத்தின் பெட்டியிலும் ஒரே வகைத் தொகுப்பு இருக்கக்கூடும்.

அப்படியானால் சிறியவரிடம் எஞ்சுவது என்ன? முன்பகுதிச் சுற்றின் வடிவமைப்பு, இசைக் கலைஞர் சொல்வதைக் கேட்டு அடுத்த மாதமே மாற்றிக்கொடுக்கும் வேகம், பழுதானால் தொலைபேசியை எடுத்துப் பேசும் பொறுப்பு. இவைதாம் அவருடைய முதல். பெருநிறுவனம் வாங்க விரும்புவதும் இவற்றால் உருவான நற்பெயரைத்தான். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் பெயரை எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பெயரை உண்டாக்கிய பழக்கங்களை எழுதிக் கொடுக்க இயலாது.

எழுதப்படாத வரிகளின் அதிகாரம்

உடைமை என்பது உண்மையில் என்ன என்பதைப் பொருளியல் நெடுங்காலம் துல்லியமாகச் சொல்லவில்லை. 2016-இல் பெங்த் ஹோல்ம்ஸ்ட்ரோமுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் ஹார்ட்டின் ஆய்வுகள் இதற்குத் தெளிவான விடையைத் தந்தன. எந்த ஒப்பந்தத்திலும் எதிர்காலத்தின் எல்லா நிலைமைகளையும் எழுதிவைக்க முடியாது. எழுதாமல் விடுபட்ட நிலைமை வரும்போது, ‘இனி இப்படிச் செய்வோம்’ என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே உடைமையாளர். இலாபத்தில் பங்கு பெறுவதைக் காட்டிலும் இந்த எஞ்சிய அதிகாரமே உடைமையின் சாரம்.

இந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு நம் வழித்தடத்தைப் பார்ப்போம். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றாக இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பேருந்தேறி அங்கே வேலைக்குப் போனார்கள். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் அந்தக் கைமாற்றம் நிறைவேறியபோது, வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதற்கு வெளியே நின்றது. மைக்ரோசாஃப்ட்டுக்காகச் சில மாதம் உற்பத்தி செய்துகொடுத்தது, ஆணைகள் நின்றன, 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் திறமையிலோ உழைப்பிலோ குறை இல்லை. எழுதப்படாத நிலைமை ஒன்று வந்தது. அதைத் தீர்மானித்தவர்கள் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் புதுதில்லியிலும் இருந்தார்கள். பின்னர் சால்காம்ப் நிறுவனம் அந்த வளாகத்தை வாங்கி மீண்டும் உயிர் கொடுத்தது உண்மைதான். ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

மண்ணூரிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. டீசல் எஞ்சினுக்கான எரிபொருள் செலுத்து கருவிகளைச் செய்யும் டெல்ஃபை-டிவிஎஸ் ஆலை அங்கே இயங்குகிறது. அதன் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. லூகாஸ் 1996-இல் வாரிட்டியோடு இணைந்தது. 1999-இல் அந்தக் கூட்டு நிறுவனத்தை டிஆர்டபிள்யூ வாங்கியது. 2000-இல் டீசல் பிரிவு டெல்ஃபையிடம் போனது. 2017-இல் டெல்ஃபை இரண்டாகப் பிரிந்தது. 2020-இல் போர்க்வார்னர் வந்தது. 2023-இல் ஃபினியா என்ற புதிய நிறுவனம் தனியே பிரிந்தது. ஆம்பெக்கின் வரலாற்றை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள்போல் இருக்கும். ஒரு வேறுபாடு உண்டு: மண்ணூர் ஆலையில் உடைமையின் ஒரு பகுதி சென்னையிலேயே இருந்தது. வெளிநாட்டுக் கை எத்தனை முறை மாறினாலும், இங்கே பேசுவதற்கு ஒருவர் மேசையில் அமர்ந்திருந்தார்.

பெரியவர் எல்லாம் பகைவர் அல்லர்

இவ்வளவும் சொன்ன பிறகு, சிறியது அனைத்தும் நல்லது, பெரியது அனைத்தும் கெட்டது என்ற முடிவுக்கு வாசகர்கள் வந்துவிடக் கூடாது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

ஆம்பெக்கின் மிகப் புகழ்பெற்ற ‘எஸ்விடி’ வெளிவந்தது 1969-இல். அதாவது, நிறுவனர் விற்ற இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நிறுவனர் ஹல்லுக்கு உரத்த ராக் இசையின்மீது விருப்பம் இருந்ததில்லை. புதிய உரிமையாளர்களின் காலத்தில்தான் பொறியாளர்கள் பெரிய அரங்குக்கான கருவியைச் செய்ய முடிந்தது. தனியுடைமை சில சமயம் நிறுவனரின் விருப்பு வெறுப்புக்குள் தொழிலை அடைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

நம் வழித்தடத்திலேயே இதற்கு இணையான கதை ராயல் என்ஃபீல்டு. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்துகொண்டிருந்தது. நலிந்த நிலையில் 1994-இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் இயங்குகின்றன. பெருநிறுவன உடைமை இங்கே ஒரு பெயரைக் கொல்லவில்லை, காப்பாற்றியது.

ஃபெண்டரின் கதை இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. சிபிஎஸ் காலத்தில் தரம் தாழ்ந்தது என்பது இசைக் கலைஞர்களின் பரவலான மதிப்பீடு. 1985-இல் அந்த நிறுவனத்தின் மேலாளர்களே முதலீட்டாளர்களோடு சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். அதன் பிறகு நிறுவனம் மீண்டது.

இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு வரையறையைப் பெறலாம். வாங்கும் நிறுவனத்துக்கு அந்தப் பொருள் முதன்மைத் தொழிலாக இருந்து, முடிவெடுப்பவர்கள் உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அருகில் இருந்து, வடிவமைத்தவர்கள் வெளியேறாமல் இருந்தால், கைமாற்றம் நன்மையாக முடிகிறது. ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கிட்டார் பக்கத் தொழில். ஐஷருக்கோ புல்லட்டே முதன்மைத் தொழிலாக ஆனது. உடைமையின் அளவைக் காட்டிலும் உடைமையின் தொலைவே முக்கியம்.

வடிவமைத்தவர்கள் வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்கு டிரேஸ் எலியட்டே விடை. அதன் நிர்வாக இயக்குநராக இருந்த மார்க் குடே 1997-இல் அதே எஸெக்ஸ் மாவட்டத்தில் ஆஷ்டவுன் என்ற பெயரில் புதிய நிறுவனம் தொடங்கினார். பழைய பெயர் கடல் கடந்து போனது. தொழில் ஊரிலேயே தங்கியது. லியோ ஃபெண்டரும் விற்ற பிறகு மியூசிக் மேன், ஜி அண்ட் எல் ஆகியவற்றின் வழியாகத் தொழிலைத் தொடர்ந்தார். திறன் ஒரு வட்டாரத்தில் வேரூன்றியிருந்தால், ஒரு நிறுவனம் விழுந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும். நோக்கியா மூடிய பிறகு ஸ்ரீபெரும்புதூரில் அதன் முன்னாள் பொறியாளர்கள் தொடங்கிய கைப்பேசி நிறுவனம் என்று மக்கள் நாவில் ஒரு பெயரும் நிலைக்கவில்லை. ஏனெனில், அங்கே ஊன்றப்பட்டது பொருத்தும் திறன்; வடிவமைக்கும் திறன் அன்று. ஏசர் நிறுவனத்தின் ஸ்டான் ஷி 1992-இல் வரைந்து காட்டிய ‘புன்னகைக் கோடு’ இதையே சொல்கிறது. வடிவமைப்பு ஒரு முனை, பெயரும் விற்பனையும் மறுமுனை. மதிப்பு இரண்டு முனைகளிலும் உயர்ந்திருக்கிறது. நடுவில் தாழ்ந்து கிடப்பது பொருத்தும் வேலை. நம் வழித்தடம் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் நிற்கிறது.

நம்மிடமும் இருந்தார்கள்

ஆம்ப்ளிஃபயர் செய்யும் தனியாட்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி, உள்ளூரில் மின்மாற்றி சுற்றவைத்து, தகரப் பெட்டியில் அடைத்து, மைக் செட்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்துகொடுத்தவர்கள் தமிழகத்தின் ஒவ்வொரு நகரத்திலும் இருந்தார்கள். ஆடி மாத அம்மன் திருவிழாவும் கல்யாணமும் கட்சிக் கூட்டமும் அவர்களுடைய சந்தை. திருவிழாவின் நடுவில் பெட்டி புகைந்தால், செய்தவரே வந்து அன்றிரவே சரிசெய்வார். சுற்று வரைபடம் அவர் தலைக்குள் இருந்தது. முத்திரை அவருடைய கடைப் பெயராக இருந்தது.

அந்தக் கைவினை ஏன் பெருந்தொழிலாகவில்லை? மேலே சொன்ன நான்கு காரணங்களும் இங்கே இன்னும் கடுமையாகச் செயல்பட்டன. ஆயத்தச் சுற்றுப்பலகைகள் இறக்குமதியானதும் வடிவமைப்பு அவசியமற்றதாகியது. இலகுவான மின்வழங்கிகள் வந்ததும் மின்மாற்றி சுற்றுபவருக்கு வேலை குறைந்தது. 2012-இல் மத்திய அரசு வெளியிட்ட மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை, 2000 வாட்டும் அதற்கு மேலும் உள்ளீட்டுத் திறன் கொண்ட ஆம்ப்ளிஃபயர்களையும், 200 வாட்டும் அதற்கு மேலும் உள்ள மின்னணு இசைக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. பாதுகாப்புச் சோதனை தேவையானதே. மின்சாரம் விளையாட்டுப் பொருளன்று. ஆனால் ஆண்டுக்கு ஐம்பது பெட்டி செய்பவரும் ஐந்து லட்சம் செய்பவரும் ஒரே சோதனைக் கட்டணத்தைச் சுமக்க வேண்டியிருந்தால், சட்டம் யாரை வளர்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாக்குப்பிடித்தவர்களும் உண்டு. 1940-இல் தொடங்கிய தில்லியின் ஆஹுஜா, தமிழக மைக் செட்காரர்கள் அனைவரும் அறிந்த பெயர். கோல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன் இன்னொன்று. ஆஹுஜாவின் பெட்டியைச் சிற்றூரிலும் பழுதுபார்க்கலாம், உதிரிபாகம் கிடைக்கும். பழுதுபார்க்கும் வசதியே அதன் விளம்பரம்.

மறுபுறம், உலகப் பெருநிறுவனங்கள் நமக்கு அண்டை வீட்டார் ஆகிவிட்டன. ஜேபிஎல், ஏகேஜி, கிரவுன் ஆகிய பெயர்களைத் தன்னிடம் வைத்திருந்த ஹார்மன் நிறுவனத்தை 2017-இல் 800 கோடி டாலருக்கு வாங்கிய சாம்சங், ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்துகிறது. ஆம்பெக்கின் இன்றைய உரிமையாளரான யமஹா, சென்னைக்குத் தெற்கே 2019 முதல் இசைக்கருவி ஆலை நடத்துகிறது. 1955-இல் அதிலிருந்து பிரிந்த மோட்டார் நிறுவனத்தின் ஆலை வல்லம் வடகாலில் இருக்கிறது. இசைக்கருவி செய்யும் கைகள் இங்கேயே உருவாகி வருகின்றன. அந்தக் கைகளுக்கு வடிவமைக்கும் வாய்ப்பும் கிடைக்குமா என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி.

செய்யக் கூடியவை

பெருநிறுவனங்களை விரட்ட வேண்டும் என்பது என் கருத்தன்று. சிறு பட்டறைகளில் வருங்கால வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் கிடைக்காத தொழிலாளிக்குப் பெரிய ஆலையின் வேலை ஒரு விடுதலை. சிறு முதலாளியின் சுதந்திரம் அவருடைய ஊழியரின் சுதந்திரமாகத் தானாக மாறிவிடுவதில்லை. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும் பிறர் முடிவுகளையே நம்பியிருப்பது ஒற்றைக்காலில் நிற்பதற்கு ஒப்பாகும். மற்றொரு காலையும் ஊன்றச் சில வழிகள் உண்டு.

ஒன்று, பொதுச் சோதனைக் கூடம். குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தின் கீழ்ப் பொது வசதி மையங்கள் அமைக்க மத்திய அரசு நிதி தருகிறது. மின்பாதுகாப்பு, மின்காந்த இடையீடு, ஒலியளவு ஆகியவற்றைச் சோதிக்கும் மையமொன்று இந்த வழித்தடத்தில் சிறு உற்பத்தியாளருக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தால், மேலே சொன்ன நிலைச்செலவின் சுமை பாதியாவது இறங்கும். பதிவுக் கட்டணத்தையும் உற்பத்தி அளவுக்கு ஏற்பப் படிநிலையாக்கலாம்.

இரண்டு, உரிய காலத்தில் பணம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தாமதித்தால் அந்தத் தொகையைச் செலவாகக் கணக்குக் காட்ட இயலாது என்ற வருமான வரிச் சட்டத் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘அப்படியானால் பதிவு பெறாத சிறியவரிடம் வாங்கிக்கொள்கிறோம்’ என்று பெரியவர்கள் நழுவுவதைத் தடுக்க, பதிவை எளிமையாக்குவதும் கண்காணிப்பும் தேவை.

மூன்று, பழுதுபார்க்கும் உரிமை. மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் இதற்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. நிறுவனங்கள் விரும்பினால் விவரம் தரலாம் என்ற நிலையிலிருந்து, சுற்று வரைபடமும் உதிரிபாகமும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்ற நிலைக்கு அது உயர வேண்டும். பழுதுபார்ப்பவரே நாளைய வடிவமைப்பாளர். எவரெட் ஹல்லின் காலத்தில் வாத்தியக்காரரும் ரேடியோ பட்டறையும் சேர்ந்தே புதிய தொழிலைப் படைத்தார்கள். திறக்க முடியாதபடி ஒட்டப்பட்ட பெட்டியிலிருந்து எந்த மாணவனும் எதையும் கற்க மாட்டான்.

நான்கு, அரசின் கொள்முதல். மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது விதி. அரசுப் பள்ளி, கல்லூரி, சமுதாயக் கூடம் ஆகியவற்றுக்கு வாங்கப்படும் ஒலிக்கருவிகளில் உள்நாட்டு வடிவமைப்புக்குத் தனி மதிப்பெண் தரலாம். நிலையான ஆணை ஒன்று கையில் இருந்தால், வங்கி கடன் தரும். இளம் பொறியாளர் துணிவார்.

ஐந்து, கைமாற்றத்துக்கான ஏற்பாடு. வாரிசு இல்லாத நிறுவனர், வெளியூர் வாங்குபவரிடம் போவதற்கு முன் தன் ஊழியர்களுக்கோ மேலாளர்களுக்கோ விற்க வழி இருக்க வேண்டும். 1985-இல் ஃபெண்டரில் நடந்தது அதுவே. அதற்கான கடன் வசதி நம் வங்கிகளில் அரிது. மாநில அரசின் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் இத்தகைய கடனுக்கு ஒரு திட்டம் வகுத்தால், அது முன்னோடியாக அமையும்.

இறுதியாக, பெரிய ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் சலுகையும் தரும்போது அரசு கேட்கும் கேள்விகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். எத்தனை கோடி முதலீடு என்று கேட்கிறோம். இங்கே எத்தனை பேர் வடிவமைப்பார்கள் என்றும், ஆலையை மூடும் முடிவு வந்தால் அதை எங்கே, யார், எத்தனை நாள் முன்னறிவிப்போடு எடுப்பார்கள் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எல்லா நிலைமைகளையும் எழுதிவிட முடியாது என்பது உண்மை. ஏற்கெனவே ஒருமுறை நேர்ந்துவிட்ட நிலைமையையாவது எழுதாமல் விடுவதற்கு நமக்குக் காரணம் இல்லை.